முதல் கவளம் சிஸ்டரம்மாவுக்கு

நாய்களுக்காகச் சமைத்ததை அவர் முதலில் தன் வாயில் போட்டுக்கொள்வார். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்க்கிற வேலையல்ல அது. கரண்டி நிறைய அள்ளி, அடுப்படியில் நின்றபடியே மென்று விழுங்கிவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார். பத்து நிமிடம் போக வேண்டும். வயிறு ஒன்றும் சொல்லவில்லை என்றால்தான் டப்பாக்களில் நிரப்பலாம். அந்தப் பத்து நிமிடமும் அவருடைய நாய் லில்லி காலடியில் உட்கார்ந்து அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருக்கும்.

"என்னடி பாக்கற? நான் விழுந்தா நீ தப்பிச்ச, போ" என்பார்.

சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் கண் கடிகாரத்தை விட்டு நகராது.

மைசூரில் பன்னிமண்டப மைதானத்துக்குப் பின்னால் இருந்தது வீடு. நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தெருவில் முகத்துக்கு நேராக சிஸ்டர் என்பார்கள், அவர் தாண்டிப் போனதும் நாய் சிஸ்டர் என்பார்கள். அது அவருக்கும் தெரியும். நான் சிஸ்டரம்மா என்று கூப்பிட்டேன். பெயர் தெரியும், இங்கே எழுத மனமில்லை.

நான் கௌதள்ளிக்காரன், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய மலையோர ஊர். ஏழாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. திருப்பூரில் பனியன் கம்பெனி, குடகில் காபித் தோட்டம், ஈரோட்டில் லாரி ஷெட் என்று சுற்றியிருக்கிறேன். எங்கேயும் யாரும் துரத்தவில்லை. ஒரு வருடம் ஆனால் எனக்குக் கால் நிற்காது. மைசூருக்கு ஒரு பெயிண்ட் மேஸ்திரியோடு வந்தேன். சிஸ்டரம்மா வீட்டு இரும்பு கேட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கச் சொல்லிவிட்டு மேஸ்திரி வேறு வேலைக்குப் போய்விட்டார். முந்தைய நாள் காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. அப்படி இருப்பது எனக்குப் புதிதல்ல என்பதால் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"சாப்ட்டியா?"

"ஆச்சுங்க."

பக்கத்தில் வந்தார். என் கீழ் இமையைக் கட்டைவிரலால் இழுத்துப் பார்த்தார். ஒரு பொம்பளை அப்படித் திடீரென்று முகத்தைத் தொட்டதில் உப்புத்தாள் கையிலிருந்து விழுந்துவிட்டது.

"பொய் சொல்றதுக்கு முன்னாடி கண்ணக் கேட்டுக்கணும்" என்று சொல்லி உள்ளே போய் ஒரு தட்டு கொண்டுவந்தார். களி, பூசணிக்காய், ஈரல். பாதித் தட்டு காலியான பிறகுதான் எனக்குப் பேச்சு வந்தது.

"உப்பு கம்மிங்க."

"அது நாய்க்குச் செஞ்சது. அதுக்கு எதுக்கு உப்பு?"

ஒரு கணம் கை நின்றது. பிறகு மீதியையும் சாப்பிட்டேன். அதைவிட மோசமானதைப் பணம் கொடுத்தே தின்றிருக்கிறேன். கேட் காய்ந்த மறுநாளிலிருந்து அவருடைய ஸ்கூட்டரில் டப்பா கொண்டுபோகும் வேலை எனக்குக் கிடைத்தது.

கடையில் பாக்கெட்டில் விற்கும் நாய்த் தீனி வேண்டாம் என்கிற வீடுகள் ஊரில் நிறைய இருந்தன. இருபது வீடுகளுக்கு அவர் சமைத்தார். ஒவ்வொரு நாய்க்கும் ஒரு குணம், ஒரு டப்பா. அரிக்கிற தோலுக்கு மஞ்சளும் தேங்காயெண்ணெயும். பூச்சி விழுந்தால் பூசணி விதை. வயிறு கெட்டால் தயிரும் அரிசிக் கஞ்சியும். எல்லாம் முதலில் அவர் வாய்க்குள் போய்வந்த பிறகுதான். வேப்பங்கொழுந்தை மென்றுகொண்டு அவர் கண் கலங்க நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

உண்ணிக்கு என்ஜின் ஆயில் தடவச் சொன்னார் பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர். "உங்க நாக்குல ஒரு சொட்டு வச்சுக் காட்டுங்க, நான் தடவறேன்" என்றார் சிஸ்டரம்மா. ஆட்டோக்காரர் அதற்குப் பிறகு வைத்தியம் சொல்வதில்லை. கழுத்தில் விடும் சொட்டு மருந்தையும் அதே நியாயத்தில்தான் தள்ளினார். தான் விழுங்க முடியாத எதுவும் நாய் மேல் படக்கூடாது. மாத்திரையும் அப்படித்தான்.

ஒன்றில் மட்டும் வேறு மாதிரி. ஒரு வீட்டில் குட்டி ஒன்று என் மணிக்கட்டைக் கவ்வியது. பல் பட்டது. நான் ஊர்ப் பழக்கத்தில் சுண்ணாம்பும் மஞ்சளும் வைத்துக்கொண்டு திரும்பி வந்தேன். அதைப் பார்த்ததும் அவருக்கு முகம் மாறிவிட்டது. பின்கட்டுக் குழாயடிக்கு இழுத்துப்போய் சோப்பு போட்டு, என் கை மரத்துப்போகும்வரை கழுவினார். ஈரக் கையோடு ஆட்டோவில் ஏற்றி ஊசி போட வைத்தார். அடுத்தடுத்த ஊசிகளுக்கும் தேதி தவறாமல் கூடவே வந்தார்.

"எல்லாம் இயற்கைம்பீங்களே" என்றேன்.

"நாய் கடிச்ச ஒருத்தன் தண்ணி டம்ளரப் பாத்துட்டு செவுத்தோட ஒட்டிக்கிட்டு நின்னான். வார்டுல. அதப் பாத்தவ நான். இதுல விளையாடக் கூடாது." கொஞ்ச தூரம் போனதும், "பயம் வேணும்டா. பயந்தவ கையிலதான் யாரும் சாகமாட்டாங்க" என்றார்.

அப்போதுதான் எனக்குப் புரிய ஆரம்பித்தது. அவர் கரண்டியை வாயில் வைப்பது பயத்தினால். வேலை பார்த்த காலத்தில் ஒருமுறை மருந்து பாட்டில் மாறிப்போனது என்று பின்னால் ஒருநாள் சொன்னார். யார் மாற்றியது, யாருக்குப் போனது என்று சொல்லவில்லை. அடுப்பில் களி கிண்டிக்கொண்டிருந்தார். துடுப்பு நிற்கவில்லை.

லில்லி தெருவில் கிடைத்த நாய். ஒரு காது பாதி இல்லை. அந்த வருட மழைக்குப் பிறகு உண்ணி ஏறி, மெலிந்து போயிருந்தது. தினம் காலையில் அதன் மேல் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்ப்பார். எனக்கும் பார்க்கக் கற்றுக்கொடுத்திருந்தார். விரலால் அழுத்தி விட்டால் வெளுத்து, உடனே சிவப்பு திரும்ப வேண்டும். லில்லிக்குத் திரும்ப நேரம் எடுத்தது.

"ரத்தம் கம்மியா இருக்குடா. உங்க ஊர்ல ரத்தம் ஊற என்ன சாப்புடுவாங்க?"

"களியும் சின்ன வெங்காயமுந்தானுங்க. பச்சையாக் கடிச்சுக்குவோம். எங்கம்மா அதக் குடுத்தே எங்கள வளத்துச்சு."

"நாய்க்கு?"

"நாய் என்னத்தக் கேட்டுச்சுங்க? போட்டதத் திங்கும்."

இவ்வளவுதான் நான் சொன்னது. யோசித்துச் சொன்னதல்ல. ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டே சொன்னது.

அவர் உடனே லில்லிக்குக் கொடுத்துவிடவில்லை. லேபுக்குப் போய்த் தன் ரத்தத்தைச் சோதித்துச் சீட்டு வாங்கினார். பிறகு பத்து நாள் காலையும் மாலையும் ஒரு கைப்பிடி பச்சை வெங்காயம் தின்றார். பக்கத்தில் நின்று பேச முடியாது. பதினொன்றாம் நாள் மறுபடி லேப். சீட்டை என் முகத்துக்கு நேரே நீட்டி, "ஏறியிருக்குடா" என்றார். அந்தப் பத்து நாளும் அவர் ராத்திரிக்கு ஈரலும் முருங்கைக் கீரையும் சாப்பிட்டது எங்கள் இரண்டு பேருக்கும் நினைவில் வரவில்லை.

நான் கௌதள்ளிக்குப் போய் அண்ணன் காட்டிலிருந்து ஒரு மூட்டை சின்ன வெங்காயம் கொண்டுவந்தேன். ஹனூர் பஸ்ஸில் இடமில்லாமல் மடியிலேயே வைத்திருந்தேன். அவர் சந்தோஷப்பட்டார். லில்லிக்கும், மெலிந்த நாய்கள் இருந்த ஐந்து வீடுகளுக்கும் தனியாகச் சமைத்தார். வெங்காயத்தை அரைத்துச் சூடான களியில் கிண்டிவிடுவார். வாசம் போய்விடும். அடையாளத்துக்கு அந்த ஐந்து டப்பாவுக்கும் சிவப்பு மூடி. தினமும் நான்தான் கொண்டுபோனேன்.

மூன்றாவது வாரம் லில்லியின் ஈறு வேகவைத்த கோழிக்கறி நிறத்துக்கு வந்தது. விரலால் அழுத்தினால் வித்தியாசமே தெரியவில்லை. அது இரண்டு படி இறங்கி நின்று மூச்சு வாங்கியது.

"மருந்து பத்தலடா" என்றார் சிஸ்டரம்மா. வெங்காயத்தை ஒரு பங்கு கூட்டினார். கூட்டியதைத் தானும் தின்றார். பத்து நிமிடம் இருபதாயிற்று. நாய் வெளுக்க வெளுக்க அவர் அதிகமாகத் தின்றார், அதிக நேரம் கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததுதான் அவரைப் பயமுறுத்தியிருக்க வேண்டும். குழாயடியில் லில்லி ஒன்றுக்குப் போன இடத்தில் பால் விடாத டீ போலக் கிடந்தது. இருவரும் பார்த்தோம். அவர் வாளித் தண்ணீரை எடுத்து ஊற்றினார்.

"டாக்டர்கிட்டக் காட்டிறலாங்களா?"

"நாளைக்குப் பாக்கலாம்."

மூன்று நாள் அதே பதில்தான் வந்தது. எதையும் தள்ளிப்போடாதவர் அவர். அந்த மூன்று நாளும் அந்த வீட்டில் நடக்கும்போது நான் சத்தம் வராமல் நடந்தேன்.

சிவப்பு மூடி போகும் வீடுகளில் ஒன்று குவெம்பு நகரில் இருந்தது. தனியாக இருக்கும் பெரியவர். மேல்கோட்டைப் பக்கத்து ஐயங்கார் குடும்பம். வீட்டுக்குள் அவர்கள் பேசும் தமிழ் தனி, நடுவில் கன்னடமும் வரும். ராஜா என்று ஒரு பாமரேனியன், பூனை அளவுதான் இருக்கும். அந்த வீட்டு டப்பாவில் மட்டும் ஈரல் கிடையாது. களியும் காயும் தயிரும்தான். நான்காம் நாள் காலை நான் போனபோது பெரியவர் ராஜாவைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"நோடு, பாரேன், இவன் எழுந்திருக்கவே மாட்டேங்கறான். நேத்திக்கு டாக்டர்கிட்டப் போனேன். ரத்தமெல்லாம் உடைஞ்சு போறதாம். வெங்காயம் குடுத்தேளான்னு கேக்கறார். எங்காத்துல அது வாசப்படியே தாண்டாது சுவாமின்னேன். மறுபடி மறுபடி அதையே கேக்கறார்."

"வெங்காயம்னா என்னாகுமாங்க?"

"மனுஷாளுக்கு ஒண்ணும் பண்ணாதாம். நாய்க்கு விஷமாம். வேகவச்சாலும் விஷந்தானாம். நான் என்னத்தக் கண்டேன். நீ கொண்டு வரதைத் தவிர வேறெதுவும் இவன் வாயில வைக்கறதில்லையே. பத்து மணிக்கு மறுபடி வரச் சொல்லியிருக்கார்."

அவர் கையை நீட்டினார். டப்பா என் கையில் இருந்தது. மூடி சரியாக மூடியிருக்கிறதா என்று பார்ப்பதுபோலக் குனிந்தேன்.

"இன்னைக்கு வேண்டாங்க சார். கெட்டுப் போச்சு. வாசம் வருது" என்று சொல்லித் திரும்பி நடந்தேன். மற்ற நான்கு வீடுகளில் இரண்டுக்கு அதற்குள் கொடுத்து முடித்திருந்தேன்.

வீட்டுக்குள் போனபோது சிஸ்டரம்மா அடுத்த வேளைக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. லில்லி மூலையில் படுத்திருந்தது, தலையைத் தூக்கவில்லை. பெரியவர் சொன்னதை அப்படியே சொன்னேன்.

"யாரு சொன்னா?"

"டாக்டர் சொன்னாராம்."

"நான் சாப்ட்டேனேடா."

"ஆமாங்க."

"பத்து நாள் சாப்ட்டேன். இன்னைக்கும் சாப்ட்டேன். இப்போ, காலையில, ரெண்டு கரண்டி."

"நீங்க நாய் இல்லீங்களே சிஸ்டரம்மா."

இதை நான் குத்திச் சொல்லவில்லை. வாயில் வந்துவிட்டது. அவர் கையிலிருந்த வெங்காயத்தைப் பார்த்தார். பிறகு லில்லியைப் பார்த்தார். அழுவார் என்று நினைத்தேன். எழுந்து முறத்தோடு அத்தனையையும் குப்பையில் கொட்டி, கையை முழங்கைவரை கழுவினார். அதற்குப் பிறகு நான் பார்த்தது வேறொரு ஆள். வார்டில் இப்படித்தான் இருந்திருப்பார்.

நான்கு வீடுகளுக்கும் போன் போட்டார். எல்லாரிடமும் ஒரே பேச்சு. "நான் சாப்பாட்டுல வெங்காயம் போட்டேன். தெரியாமப் போட்டேன். இன்னைக்கு வந்ததக் குடுக்காதீங்க. இப்பவே டாக்டர்கிட்டப் போங்க, வெங்காயம்னு சொல்லுங்க. ஒளிக்காதீங்க." ஒருவர் போனிலேயே கத்தியது எனக்குக் கேட்டது. சிஸ்டரம்மா காதிலிருந்து போனை நகர்த்தவில்லை. முடியும்வரை கேட்டுவிட்டு, "சரி, இப்போ டாக்டர்கிட்டப் போங்க" என்றார்.

பெரியவர் போனை எடுக்கவில்லை. அவருக்குக் காதும் கொஞ்சம் மந்தம்.

"நீ நேர்ல போ. பத்து மணிக்குன்னாருல்ல? டாக்டர் முன்னாலேயே சொல்லு. இவரு இல்ல இல்லங்கறாரு, அந்த டாக்டர் வேற நோயத் தேடிட்டு இருப்பாரு. அதுக்குள்ள ராஜா போயிருவான். சின்ன ஒடம்பு. நான் லில்லியத் தூக்கிட்டுப் போறேன். போடா."

போனேன். அந்த கிளினிக் இருந்த தெருமுனை வரைக்கும் போனேன். கண்ணாடிக் கதவு வழியாகப் பெரியவரின் முதுகு தெரிந்தது. மடியில் துண்டு. சுற்றிலும் ஐந்தாறு பேர் தங்கள் நாய்களோடு உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் கையிலும் போன். உள்ளே போய், இவர் வீட்டுக்குள் வெங்காயத்தைக் கொண்டுபோனது நான், சமைக்கச் சொன்னதும் நான் என்று சொல்ல வேண்டும். சிஸ்டரம்மா அதைச் சொல்லச் சொல்லவில்லை. ஆனால் வாயைத் திறந்தால் அது வந்துவிடும் என்று இருந்தது. அடிப்பார்கள், வீடியோ எடுப்பார்கள், போலீஸ் வரும். பெரியவர் மட்டும் ஒன்றும் பேசாமல் என்னைப் பார்ப்பார். இதையெல்லாம் ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடியே பார்த்து முடித்துவிட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

பஸ் ஸ்டாண்டில் வண்டியை நிறுத்திச் சாவியை சீட்டுக்கு அடியில் போட்டேன். கொள்ளேகால் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. அங்கே மாறி ஏறிய பஸ் என் ஊர் வழியாகத்தான் போனது, கௌதள்ளியில் இறங்கவில்லை. மாநில எல்லையில் பாலாறு செக்போஸ்டில் பையைத் திறந்து காட்டச் சொன்னார்கள், என்னிடம் பை இல்லை. மேட்டூரில் போய் நின்றேன். அணையில் மீன் பெட்டி ஏற்றும் வேலை அன்று சாயங்காலமே கிடைத்தது. போனை அணைத்து வைத்திருந்தேன்.

ஐந்தாம் நாள் போட்டேன். சிஸ்டரம்மாவிடமிருந்து ஒரே ஒரு குரல் பதிவு வந்திருந்தது. ஐஸ் பெட்டிகளுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"டேய். ஸ்கூட்டர் கெடச்சிருச்சு. நீ அங்க போகலன்னு மூணு மணிக்குத்தான் தெரிஞ்சுது. பெரியவரு போன எடுத்தாரு, யாரும் வரலையேம்மான்னாரு. லில்லிய அப்பத்தான் டாக்டர்கிட்டருந்து கொண்டுவந்து படுக்க வச்சிருந்தேன். தனியா விடாதீங்கன்னு சொல்லித்தான் அனுப்பிச்சாரு. வேற யாரு இருக்கா? கதவச் சாத்திட்டுப் போனேன். அவங்க டாக்டர் முன்னாடி சொன்னேன். ஒடனே வேற நாயோட ரத்தம் எடுத்து ஏத்தினாங்க. ராஜா பொழச்சுட்டான். நேத்து எந்திரிச்சு நின்னானாம். மத்த நாலும் சாப்புடுதுங்க." இந்த இடத்தில் ஆட்டோ ஒன்று போகும் சத்தம் மட்டும். "நான் திரும்பறப்போ ஏழு மணி. லில்லி படுக்கையில இல்ல. எப்படி வந்தாளோ, கதவுகிட்ட வந்து படுத்திருந்தா. தள்ளித்தான் தெறக்க வேண்டியிருந்துச்சு. ஒடம்பு சில்லுனு ஆயிருந்துச்சு. பெரியவரு என்னைத் திட்டல. உன் சட்ட ரெண்டு கொடியில கெடக்கு."

திட்டு வரும் என்று கடைசிவரை காத்திருந்தேன். அதோடு பதிவு முடிந்துவிட்டது.

பதில் பேச நான்கு முறை பொத்தானை அழுத்தினேன். லில்லியைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றுதான் ஒவ்வொரு முறையும் வாயைத் திறந்தேன். ஐந்தாவது முறை வந்தது வேறு. "வெங்காயம் நான் சொல்லித்தான் போட்டீங்கன்னு அவருகிட்டச் சொன்னீங்களா சிஸ்டரம்மா?" என்று கேட்டு அனுப்பிவிட்டேன். அனுப்பிய பிறகு என் குரலை நானே போட்டுக் கேட்டேன். அழிக்கலாம் என்று பார்ப்பதற்குள் அவர் கேட்டுவிட்டது திரையில் தெரிந்தது.

அரை மணி கழித்துப் பதில் வந்தது. மூன்று விநாடி.

"எதுக்குடா?"